அமைதி எங்கே போயிருந்தது

ஜூலை 3

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர. அது தனிக்குடித்தனம் நடத்துகிறது. யார் சொல்வதையும் கேட்பதில்லை. போன மாதமே எழுதுவாய் என்று பார்த்தேன். ஃபோன் பண்ணினால் "நல்லாருக்கேன், நல்லாருக்கேன், வச்சிரட்டுமா?" என்று முடித்துவிடுகிறாய். காகிதத்தில்தான் உனக்குக் கொஞ்சமாவது வாய் திறக்கிறது. "உங்க அண்ணன் மாதிரி நாலு பேர் இருந்தா எங்க தபால் ஆபீஸ் பிழைச்சுக்கும்" என்கிறார் உன் மாப்பிள்ளை.

இந்த வருடம் எனக்கு எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு, சமூக அறிவியல். நாற்பத்தொரு பிள்ளைகள். கடைசிப் பெஞ்சில் ஒருவன் இருக்கிறான். எதைச் சொன்னாலும் எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்வான். வகுப்பே அவனை 'வக்கீல்' என்று கூப்பிடுகிறது. நானும் பழகிவிட்டேன்.

புதுப் புத்தகத்தில் ஆறாவது பாடம் 'மதங்களும் மோதல்களும்'. மொத்தம் இரண்டரைப் பக்கம். எங்கேயோ, எப்போதோ, யாரோ அடித்துக்கொண்ட மாதிரி எழுதியிருக்கிறார்கள். கடைசி வரி இது: 'சில இடங்களில் கசப்பான நிகழ்வுகள் நடந்தன, விரைவில் அமைதி திரும்பியது.' நான் புத்தகத்தை மூடுவதற்குள் வக்கீல் எழுந்துவிட்டான்.

"டீச்சர், அமைதி திரும்பிச்சுன்னா, அதுக்கு முன்னாடி அது எங்க போயிருந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அப்படி ஒரு கலவரம் நடந்தது நம் ஊரில். இந்த வகுப்பறை ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தால் அந்தக் கடைத்தெரு தெரியும். இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் நம் பக்கம், பாதிப்பேர் அவர்கள் பக்கம். ஒரு ரப்பரை இரண்டாக உடைத்துப் பங்குபோட்டு அழிக்கிறவர்கள். ஒவ்வொருவரும் வீட்டில் ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள், இங்கே பேசுவதில்லை.

அதனால் வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்? என்ன பார்த்தீர்கள்? என்ன செய்தீர்கள்? யார் மேல் தப்பு என்று யாரும் எழுதக் கூடாது. ஒரு பக்கம் போதும்.

இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது, அண்ணா. எனக்கு அப்போது இந்தப் பிள்ளைகளின் வயது. உனக்குப் பதினேழு. நாம் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த மூன்று கேள்வியை உன்னிடம் கேட்டால் நீ என்ன எழுதுவாய்?

அண்ணிக்கும் என் மருமகளுக்கும் நிறைய அன்பு.

உன் தங்கை,
வாயாடி

*

ஜூலை 15

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லிஃப்டுக்குள் ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். கதவைத் திறந்துவிட்டதும் ஆறு பேரும் என்னைத்தான் திட்டினார்கள், நான்தான் பிடித்து உள்ளே போட்டது போல. ஒரு அம்மாள் மட்டும் நன்றி சொல்லிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து அவரும் திட்டினார். பிழைப்பு இப்படிப் போகிறது.

உன் மருமகள் என் தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டாள். அவளும் எட்டாவதுதான். கணக்கில் அவள் அம்மா மாதிரி, நல்லவேளை.

அம்மாவுக்கு அந்த முழங்கால் பட்டையை வாங்கிக் கொடு. மருந்துக் கடையில் கிடைக்கும்.

பாட விஷயம். நீ கேட்டதற்காகச் சொல்கிறேன். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக் கொடு, கேள்வி பதில் எழுதிப்போடு, அடுத்த பாடத்துக்குப் போ. எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? அவர்கள்தான் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை ஏன் கலைக்க வேண்டும்?

எனக்கு ஒன்றும் பெரிதாக ஞாபகம் இல்லை. அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது, கிளம்பி வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூலை 27

அன்புள்ள அண்ணா,

பட்டை வாங்கியாயிற்று. அம்மா அதைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார், போட்டால் பழசாகிவிடுமாம்.

பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தார்கள். நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர். மற்றவர்களின் வீட்டில் "அதெல்லாம் ஒண்ணும் நடக்கல, போய்ப் படி" என்றுவிட்டார்களாம். வந்த இருபத்தாறையும் படித்தேன். ஒரு பையனின் அப்பா மூன்று நாள் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்திருந்தாராம். ஒரு பெண்ணின் அத்தை பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தன் குழந்தை என்று சொல்லி வைத்துக்கொண்டாராம். எல்லாரும் எங்கே இருந்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். என்ன பார்த்தோம் என்று கொஞ்சம் பேர். என்ன செய்தோம் என்ற கேள்விக்கு மட்டும் ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதில்: 'நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.' அதை நான் வகுப்பில் வாசித்தபோது வக்கீல், "அப்ப யாருமே செய்யலன்னா அது தானா நடந்துச்சா டீச்சர்?" என்றான்.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நான் வகுப்பில் வாசிக்கவில்லை. முதல் பெஞ்சில் உட்காரும் பெண் எழுதியது. அதிகம் பேசாதவள். கடைத்தெருத் தையல்காரரின் கடைக்குட்டி மகள். அவள் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

'என் அப்பா கடைக்குள் இருந்தார். மறுவாரம் பள்ளிக்கூடம் திறக்கப் போவதால் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். நான்கு பேர் வந்தார்கள். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். கடைக்குத் தீ வைத்தார்கள். அப்பா வெளியே ஓடி வந்து, மிஷினை எடுக்கத் திரும்ப உள்ளே போனார். கை வெந்துபோனது. இப்போதும் இரண்டு விரல் மடங்காது. அதனால் அப்பா துணி வெட்டுவதில்லை, அண்ணன்தான் வெட்டுகிறான். வந்தவர்களில் ஒருவர் போட்டிருந்த சட்டை அப்பா தைத்தது. துணி பற்றாததால் காலருக்கு உள்பக்கம் கோடு போட்ட துணி வைத்துத் தைத்தாராம். அது யார் என்று கேட்டேன். அப்பா சொல்லவில்லை.'

அண்ணா, அம்மா துணி குறைவாக எடுத்துவிட்டார் என்று நீ ஒரு வாரம் சண்டை போட்டாயே, அந்தச் சட்டை. உள்ளே கோடு தெரிகிறது என்று காலரை ஏற்றி விட்டுக்கொண்டு திரிந்தாயே.

அன்று சாயங்காலம் நீ அதைப் பின்பக்கக் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடை. மறுநாள் விடிந்ததும் அப்பா உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, "உங்க அண்ணனுக்கு வேலை கிடைச்சிருக்கு" என்றார். நான் சந்தோஷப்பட்டேன் என்றுகூட ஞாபகம். எப்போது புரிந்தது என்று தெரியவில்லை. புரிந்த பிறகும் கேட்கவில்லை. அம்மா இருபத்தைந்து வருடமாக ரவிக்கை தைக்கக் கடைத்தெருவைத் தாண்டி இரண்டு தெரு நடந்து போகிறார். ஏன் என்று அதையும் நான் கேட்டதில்லை.

எரிந்துபோனதில் என் சீருடையும் இருந்தது. அந்த வருடம் நாங்கள் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் மூன்று மாதம் வண்ண உடுப்பில்தான் பள்ளிக்கூடம் போனோம். ஜாலியாக இருந்தது எங்களுக்கு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் இனி எனக்குத் தெரியாது என்று உனக்கு எழுத முடியாது.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 6

தங்கச்சி,

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடு. அந்தப் பெண்ணிடம் தொலைந்துவிட்டது என்று சொல். உனக்கும் குடும்பம் இருக்கிறது. அம்மாவுக்கு இந்த வயதில் இது தேவையா? என் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. இதைப் பற்றி இனி எழுதாதே.

அண்ணன்

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணா,

கோபமாக எழுதினாலும் எழுதினாயே, அதுவே போதும். இந்தத் தடவை பதில் வராது என்றுதான் நினைத்தேன்.

பக்கத்தைக் கிழிக்கவில்லை. பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப் பழக்கமில்லை எனக்கு. அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இங்கே வேறு ரகளை. நம் பக்கத்து அப்பாக்கள் மூன்று பேர் தலைமையாசிரியை அறைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் மர அறுவை மில் வைத்திருப்பவர். குரலும் மில் மாதிரியே இருக்கும். "பசங்களுக்கு ஏன் பழசையெல்லாம் கிளறி விடறீங்க? நேத்து என் பொண்ணு சாப்பிட உக்காந்துகிட்டு, 'அப்பா நீங்க என்ன செஞ்சீங்க'ன்னு கேக்குது. நான் என்ன குற்றவாளியா?" தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். புத்தகத்தில் உள்ளதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஐயா, வர்ற மாசம் மொத சனிக்கிழமை இந்தப் பாடத்தோட கடைசி வகுப்பு. நீங்களே வந்து பின்னாடி உக்காந்து கேளுங்க. தப்பா ஏதாவது சொன்னேன்னா அங்கயே நிறுத்துங்க" என்றேன். தலைமையாசிரியை, "எல்லாப் பெற்றோருக்கும் சீட்டு அனுப்பிடுங்க. ஒரு பக்கம் மட்டும் வந்தா நல்லாருக்காது" என்றார். அந்த அம்மாளை நான் இத்தனை நாள் தப்பாக எடைபோட்டிருக்கிறேன்.

நான் உன்னிடம் கேட்க வந்தது வேறு. பக்கத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று, எல்லாரும் போன பிறகு தையல்காரரின் மகள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். என்னம்மா என்றேன். "டீச்சர், அந்தச் சட்டைக்காரர் இப்ப எங்க இருப்பாரு? அவரு வீட்ல யாராவது இந்த மாதிரி கேள்வி கேட்டா என்ன எழுதுவாரு?" என்றாள். தெரியவில்லையே என்றேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னேன். இத்தனை வருட வேலையில் பிள்ளைகளிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான்.

'நாங்கள் ஒன்றும் செய்யவில்லை' என்று இருபதுக்கு மேல் பக்கம் என்னிடம் இருக்கிறது. 'நான் செய்தேன்' என்று ஒரு பக்கம் இல்லை. அது இல்லாமல் இந்தப் பாடத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணா.

பெயர் வேண்டாம். ஊர் வேண்டாம். ஒரே ஒரு பக்கம். நீ எழுதாவிட்டாலும் நான் உன் தங்கைதான். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. கட்டடங்களின் உச்சியில் லிஃப்ட் மோட்டாருக்கென்று ஒரு சின்ன அறை இருக்கும். யாரும் வர மாட்டார்கள். அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்றுதானே ஆரம்பித்தது. முதல் இரண்டு நாள் வெறும் வாய்ச்சண்டை. நான் அப்போது பரீட்சையில் தவறிவிட்டு மோட்டார் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தி மாதக்கணக்காகியிருந்தது. மூன்றாம் நாள் மதியம் பட்டறைக்கு மூன்று பேர் வந்தார்கள், என்னைவிடப் பெரியவர்கள். அந்தப் பக்கத்தார் நம் வழிபாட்டு இடத்தை இடித்துவிட்டார்கள் என்றார்கள். இடிக்கவில்லை, ஒரு கண்ணாடி உடைந்திருந்தது, அதுவும் யார் உடைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது.

பிள்ளைகளுக்கு இதை மட்டும் சரியாகச் சொல். எனக்குக் கோபமே இல்லை. கோபத்தில் செய்தேன் என்று சொன்னால் அது பொய். தையல்காரர் மேல் எனக்கு என்ன கோபம்? அளவு எடுக்கும்போது கூச்சம் காட்டுகிறேன் என்று கேலி செய்வார், அவ்வளவுதான். வந்தவர்களில் ஒருவர் என் தோளில் கைபோட்டு, "நீ நம்ம ஆளுடா" என்றார். அந்த வருடத்தில் என் தோளில் விழுந்த ஒரே கை அது. மண்ணெண்ணெய்க் கேனை என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கடையில் ஆள் இல்லை என்று நினைத்தோம். ஊற்றியது நான். பற்றவைத்தது வேறொருவர், அதைச் சொல்லித்தான் இருபத்தைந்து வருடம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஷட்டருக்குக் கீழே குனிந்து அவர் வெளியே வந்தார். மூன்று அடி தூரம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலரைப் பார்த்தார். பிறகு திரும்ப உள்ளே ஓடினார். உள்ளே போகாதீங்க என்று ஒரு வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. கத்தினால் என் குரலை அடையாளம் கண்டுகொள்வார் என்று கத்தவில்லை. நான் செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது தீ இல்லை, அந்த வார்த்தையைச் சொல்லாததுதான்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை அடுப்பில் போட்டார். விடிந்ததும் பஸ் ஏற்றினார். ஏறும்போது கையில் ஒரு பொட்டலம் சாப்பாடு கொடுத்து, "எழுது" என்றார். அதனால்தான் நான் எழுதுகிறவனாக ஆனேன். முதலில் அவருக்கு, அவர் காலமான பிறகு உனக்கு.

தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். பெயர் இல்லை. வகுப்பில் வாசிப்பதும் வாசிக்காததும் உன் இஷ்டம்.

அண்ணன்

*

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணா,

சனிக்கிழமை வகுப்பு முடிந்தது. எழுதுவதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

இருபது பெற்றோர் வருவார்கள் என்று நினைத்தேன். ஐம்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மர மில்காரர் முதல் ஆளாக வந்து நடுவில் உட்கார்ந்தார். தையல்காரர் கடைசியாக வந்தார். இடம் இருந்தும் கதவோரமாக நின்றுகொண்டார்.

முதலில் பிள்ளைகளின் பக்கங்களிலிருந்து கொஞ்சம் வாசித்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு எல்லாரும் சிரித்தார்கள், தொட்டிக்காரரும்தான். பிறகு, "இது ஒருத்தர் எனக்கு அனுப்பினது. இதுல பேர் இல்ல" என்று சொல்லி உன்னுடையதை வாசித்தேன்.

முடித்ததும் மர மில்காரர் எழுந்தார். "பேர் இல்லாத லெட்டரை எல்லாம் எப்படி நம்பறது? யாரோ கதை கட்டி எழுதியிருக்கான்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கதவுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கதை இல்லைங்க. நடந்ததுதான்."

எல்லாரும் திரும்பினார்கள். தையல்காரர் வெந்துபோன அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மர மில்காரர் உட்கார்ந்தார்.

பிறகு பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். "அந்தக் கேனை வேணாம்னு சொல்லியிருந்தா அடிச்சிருப்பாங்களா டீச்சர்?" "அவரோட அப்பா அவர்கிட்ட பேசியிருந்தா போயிருக்க மாட்டாரோ?" வக்கீல் வழக்கம்போல எழுந்தான். "டீச்சர், இவரு இருபத்தஞ்சு வருஷம் ஏன் சொல்லல? இப்ப ஏன் சொல்றாரு?" எனக்குத் தெரியவில்லை என்றேன். இந்தத் தடவை அது பொய் இல்லை. தையல்காரரின் மகள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நான் வாசிக்கும்போது நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தாள்.

எல்லாரும் கலைந்த பிறகு அவர் வராந்தாவில் எனக்காக நின்றார். மகளை வாசலுக்கு அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"உங்க அண்ணன்தானே, டீச்சர்?"

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

"எனக்கு அன்னிக்கே தெரியும். நான் தச்ச காலர் எனக்குத் தெரியாதா? நீங்க அந்த வீட்டுப் பொண்ணுங்கறதும் தெரியும். பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்குப் பாப்பாவ வேற பிரிவுக்கு மாத்தக் கேக்கலாம்னு வந்தேன். அப்புறம் கேக்காம போயிட்டேன்."

"போலீஸ்ல ஏன் சொல்லல?" என்றேன்.

"பெரிய மனசுன்னு நெனச்சிராதீங்க. பயம். சொல்லிட்டு இந்தத் தெருவுல எப்படிக் கடை வைக்கிறது? ரெண்டு பசங்க அப்ப பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தாங்க. அதான் 'யாரையும் தெரியல'ன்னு எழுதிக் குடுத்தேன். நாலு பேர் பேரையும் நானே காப்பாத்தின மாதிரி ஆயிடுச்சு. தீயைவிட அதுதான் டீச்சர் எனக்கு எரிச்சல்."

மன்னித்துவிடுங்கள் என்று உன் சார்பில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க சொல்லக் கூடாது. இன்னிக்கு வாசிச்சது வகுப்புக்கு. பசங்க கேட்டுக்கிட்டாங்க, நல்லது. எனக்கு இல்ல அது. எனக்குன்னா, பேர் போட்டு எழுதச் சொல்லுங்க."

படியில் இறங்கிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன், தலைமையாசிரியை வந்து டீ குடிக்கக் கூப்பிடும் வரைக்கும்.

அவர் சொன்னதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். பெயர் போட்ட காகிதம் அவர் கைக்குப் போனால் அவர் அதை என்னவும் செய்யலாம். உனக்குத் தெரியாததில்லை. நான் வற்புறுத்த மாட்டேன்.

அம்மாவுக்கும் விஷயம் போய்விட்டது. இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. ரசம் சூடாக இருக்கிறது என்பதைக்கூட உன் மாப்பிள்ளை வழியாகத்தான் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்.

உன் தங்கை

*

செப்டம்பர் 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போர்வையின் அந்தப் பக்கம் நின்று சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. முடித்த பிறகும் அவள் போர்வையை உதறவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று நாள் தேவைக்கு மேல் பேசவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டு மேஜையில் என் முன்னால் காகிதத்தையும் பேனாவையும் வைத்தாள். "பதினாறு வருஷம் உங்களோட இருந்திருக்கேன். எனக்கே இப்படி இருக்குன்னா அவருக்கு எப்படி இருந்திருக்கும்? எழுதுங்க. செக்குல போடற மாதிரி கிறுக்காதீங்க. பேரைப் படிக்கற மாதிரி எழுதுங்க" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். பாப்பாவிடம் சொல்ல இன்னும் நேரம் கேட்டிருக்கிறேன். பரீட்சை முடியட்டும் என்றாள்.

தையல்காரருக்கு எழுதியது இதோடு இருக்கிறது. ஒட்டவில்லை, நீயும் படி. என் பெயர், அப்பா பெயர், இந்த ஊர் விலாசம், நான் வேலை பார்க்கும் கம்பெனி, ஃபோன் நம்பர் எல்லாம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூட இருந்த மூன்று பேரை எழுதவில்லை. அவர்கள் எழுத வேண்டியது அது. மன்னிப்பு என்ற சொல்லை ஒரே ஒரு தடவைதான் எழுதினேன். நிறைய தடவை எழுதினால் அவரிடம் எதையோ கேட்டு நச்சரிப்பது போல இருந்தது. அவர் இதைப் போலீசுக்குக் கொண்டுபோனால் நான் வருவேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறேன். நேரில் வந்து அவர் முன்னால் நிற்கலாமா என்று. கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும், விட்டுவிட்டேன்.

தபாலில் போடாதே. நீயே கையில் கொடு.

அண்ணன்

*

அக்டோபர் 10

அன்புள்ள அண்ணா,

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போனேன். இந்தக் கடைக்குள் நான் கால் வைத்தது இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை. நான்கு மிஷின் ஓடுகிறது. மூத்த மகன் துணி வெட்டிக்கொண்டிருந்தான். தையல்காரர் கல்லாப் பக்கம் உட்கார்ந்து பட்டன் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கடிதத்தை நீட்டினேன். என்ன என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி உன் பெயரைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முதலிலிருந்து படித்தார். படித்து முடித்து மகன்களைக் கூப்பிட்டு மிஷினை நிறுத்தச் சொன்னார். உள்ளேயிருந்து மனைவியையும் மகளையும் கூப்பிட்டார். மகளிடம் கொடுத்து, "சத்தமா படிம்மா" என்றார். நான் கிளம்புகிறேன் என்றேன். "இருங்க டீச்சர்" என்றார். இருந்தேன்.

அவள் படித்தாள். வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. உன் பெயரையும் அப்பா பெயரையும் விலாசத்தையும் விடாமல் படித்தாள். பெரியவன் கத்திரிக்கோலை மேஜையில் ஓங்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அந்த அம்மாள் தலைகுனிந்தே இருந்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சின்னவளாக நான் உணர்ந்தது எட்டாம் வகுப்புக்குப் பிறகு நேற்றுதான்.

தையல்காரர் கடிதத்தை மடித்து அளவு நோட்டுக்குள் வைத்தார். "போலீசுக்கெல்லாம் போகல. இது எங்கிட்ட இருக்கட்டும். இத்தன வருஷம் எனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு இப்ப என் பிள்ளைங்களுக்கும் தெரியுது. அது போதும்" என்றார். பிறகு, "வரலாமான்னு கேட்டிருக்காரு. வேணாம்னு எழுதிடுங்க" என்றார்.

சரி என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அப்போது மணி ஆறு இருக்கும், கடைத்தெருவில் கூட்டம். பத்தடி போயிருப்பேன். பின்னாலிருந்து "டீச்சர்!" என்று கூப்பிட்டார். கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார், அந்தக் கையைத் தூக்கியபடி.

"வேணாம்னு எழுதறீங்கள்ல, அதுல 'இப்போதைக்கு'ன்னு சேத்துக்கங்க."

சேர்த்துக்கொண்டேன், அண்ணா. அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம்.

உன் தங்கை